வெள்ளைப் பூவுக்குக் கறுப்பு மை

"கடை வாசல்ல மூணு பொண்ணுங்க நிக்குது தம்பி. மஞ்சப் பாவாடை. எதுவும் வாங்காது. சும்மா நிக்கும். அவ்வளவுதான்" என்றார் சித்தப்பா.

நான் வாசலைப் பார்த்தேன். வெயில் இருந்தது. வெயிலுக்குள் ஒரு வெள்ளாடு நின்று வாழைப்பழத் தோலைத் தின்றுகொண்டு இருந்தது. பொண்ணுங்க யாரும் இல்லை.

இது நார்த்தாமலை. திருச்சியிலிருந்து புதுக்கோட்டை போகிற வழியில், மெயின் ரோட்டைவிட்டு விலகி, மொட்டைப் பாறைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிற ஊர். முத்துமாரியம்மன் கோயிலின் பங்குனித் திருவிழாவுக்கு மட்டும் உலகமே இங்கே வந்ததுபோல் இருக்கும். மற்ற நாட்களில் ஊர் அதன் பாட்டுக்கு இருக்கும். கோயிலுக்குப் போகிற பாதையில் சித்தப்பாவின் கடை. தேங்காய், சூடம், மஞ்சள், பீடி, பிஸ்கட். சித்தப்பாவுக்கு 74 வயது. சர்க்கரை இரண்டு கண்களையும் தின்றுவிட்டது. இப்போது வெளிச்சம் எது, நிழல் எது என்பது மட்டும் தெரியும். ஆனாலும், கடையை அவர்தான் பார்த்துக்கொள்கிறார்.

பி.காம். படித்த எனக்கு அவர் வியாபாரம் செய்வதைப் பார்ப்பது ஒரு பாடம். ரூபாய் நோட்டை விரல் நடுவில் வைத்து நீளம் பார்ப்பார். புது 500 ரூபாய் நோட்டின் நீளம் 150 மில்லிமீட்டர். 200 ரூபாய் 146. 100 ரூபாய் 142. நாலு நாலு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். அதை வகுத்து வைத்தவர்களுக்கே கண்ணை மூடிக்கொண்டு சொல்ல வருமா, தெரியாது. சித்தப்பா சொல்வார். 2016 நவம்பரில் பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது அவர் பட்ட பாடு தனிக் கதை. பழக்கமான நீள அகலம் எல்லாம் ஒரே ராத்திரியில் மாறிப்போயிற்று. இப்போது ஒரு சின்னப் பெட்டி வைத்திருக்கிறார். போனில் பணம் போட்டால் அதுவே தமிழில் தொகையைச் சொல்லிவிடும். "அது ஒண்ணுதான் என்கிட்ட மரியாதையா பேசுது" என்பார், சித்தி காதில் விழுகிற மாதிரி.

அப்படிப்பட்ட மனிதருக்குத்தான் மூன்று பெண்கள் தெரிய ஆரம்பித்தார்கள்.

முதலில் சுவரில் கட்டம் கட்டமாகக் கோலம் தெரிந்ததாம். பிறகு பூ. பிறகு இந்தப் பொண்ணுங்க. சித்தியிடம் சொன்னதுதான் தாமதம், வேப்பிலை வந்தது, விபூதி வந்தது. ஒரு டாக்டர் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். தூக்கத்தில் போகாமல் விழித்ததும் திரும்பி வந்தன அவை. அடுத்த வாரம் நிலைமை தலைகீழாகிவிட்டது. "அது கன்னிமார்தான். மாரியாத்தா வாசல்ல கடை வெச்சிருக்காருல்ல" என்று யாரோ கிளப்பிவிட, குறி கேட்க இரண்டு பெண்கள் எலுமிச்சம்பழத்தோடு வந்துவிட்டார்கள். "பைத்தியம்னாங்க. சரின்னு இருந்தேன். சாமின்னாங்க பாரு, அப்பதான் பயந்துட்டேன்" என்றார் சித்தப்பா.

திருச்சியில் ஓர் இளம் கண் டாக்டர்தான் விஷயத்தை உடைத்தார். பார்வை இழந்த சிலருக்கு இப்படி வரும். கண்ணிலிருந்து எதுவும் வராதபோது, மூளையில் காட்சிக்கென்று இருக்கிற பகுதி சும்மா இருப்பதில்லை. தானே படம் ஓட்ட ஆரம்பித்துவிடுகிறது. ஸ்விட்சர்லாந்து அறிஞர் சார்ல்ஸ் போனே, கண்புரையால் பார்வை மங்கிய தன் தாத்தாவுக்கு ஆட்களும் பறவைகளும் கட்டடங்களும் தெரிந்ததை 1760-லேயே எழுதிவைத்தார். அவர் பெயரில்தான் இதை அழைக்கிறார்கள். இதில் முக்கியமான விஷயம், பார்ப்பவருக்கு அது நிஜமில்லை என்று தெரியும். சித்தம் சரியாகவே இருக்கும். சித்தப்பா தெளிவாக இருந்தார். குழம்பியது நாங்கள்தான்.

சரி, சினிமாவைப் பற்றி எழுத வேண்டிய இந்தப் பக்கத்தில் சித்தப்பா எதற்கு என்று கேட்பீர்கள். வருகிறேன்.

நார்த்தாமலை கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால், ஒரு கல்லூரியின் குறும்படப் போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். தலைப்பு 'மனம்'. வந்த படங்களில் பாதிக்கு மேல் ஒரே கதை. ஓர் இளைஞன். அவனோடு ஒரு நண்பன் அல்லது காதலி அல்லது குழந்தை. கடைசி நிமிடத்தில் கேமரா நகரும். பக்கத்தில் யாருமே இல்லை! அத்தனையும் அவன் கற்பனை! பின்னணியில் 'டொய்ங்' என்று ஒரு சத்தம். டைட்டில்.

பையன்களைக் குறை சொல்ல மாட்டேன். 2009-ல் கலைஞர் தொலைக்காட்சியில் 'நாளைய இயக்குநர்' தொடங்கியதிலிருந்து குறும்படம் என்பது சினிமாவுக்கான நுழைவுத் தேர்வாகிவிட்டது. தேர்வில் மார்க் வாங்க கடைசி நிமிடத் திருப்பம் உதவும். அதே பள்ளியில் படித்த கார்த்திக் சுப்பராஜ் 'பீட்சா'வில் (2012) நாம் பார்த்ததையே நம்ப முடியாதபடி செய்தபோது தியேட்டரே கை தட்டியது. நானும் தட்டினேன். இன்னும் பார்க்காதவர்கள் மன்னிக்க. அந்தப் படம் அதைச் செய்ததற்கு கதைக்குள்ளேயே ஒரு காரணம் இருந்தது. அதைப் பார்த்துச் செய்பவர்களுக்கு அந்தத் திருப்பம் மட்டும்தான் மிச்சம். மனசு உடைந்த ஒரு மனிதன் அவர்களுக்கு ஒரு விடுகதை. விடை தெரிந்ததும் அவனை விட்டுவிட்டு எழுந்து போய்விடலாம்.

அந்த எரிச்சலில், வீட்டுக்கு வந்து ஹார்ட் டிஸ்கைத் துழாவி, சத்யஜித் ரேயின் மூன்று சின்னப் படங்களை லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டேன். 'டூ' (1964), 'தி இன்னர் ஐ' (1972), 'பிக்கூ' (1980). மூன்றையும் சேர்த்தால் ஒன்றேகால் மணி நேரம்கூட வராது. ரேயின் குறும்படம் என்றால் நமக்கு உடனே நினைவு வருவது 'பாலா'தான். பாலசரஸ்வதி கடற்கரையில் ஆடுவதை 1976-ல் எடுத்தாரே, அது. நம்ம ஊர்ப் பெருமை என்பதால் அதையே பேசுகிறோம். ஆனால், காற்று புடவையைப் பறித்துக்கொண்டு போகிற அந்தப் படத்தில் ரே ஒரு ரசிகராக மட்டும் நின்றுவிட்டார் என்பது என் எண்ணம். இந்த மூன்றில்தான் அவர் வேறு எதையோ தேடுகிறார். ஒரே இடத்தில் நிற்கிற இரண்டு பேருக்கு ஒரே உலகம் தெரிகிறதா என்கிற கேள்வி அது.

நார்த்தாமலையில் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன். "என்னப்பா அது?" என்றார் சித்தப்பா. "படம் சித்தப்பா" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். "போடு, கேப்போம்" என்று சேரை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார்.

முதலில் 'டூ'. கறுப்பு வெள்ளை. கால் மணி நேரம். எஸ்ஸோ எண்ணெய் கம்பெனி அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக நடத்திய ஒரு வரிசைக்காக எடுத்தது. அதில் பேச்சே கிடையாது. பெரிய வீட்டில் ஒரு பையன், கையில் கோக் பாட்டில், அறை முழுக்கப் பொம்மை. ஜன்னலுக்கு வெளியே குடிசைப் பையன் புல்லாங்குழல் ஊதுகிறான். இவன் பொம்மை ட்ரம்பெட்டை எடுத்து ஊதி அதை அமுக்குகிறான். அவன் போய் மத்தளம் எடுத்து வருகிறான். இவன் சாவி கொடுத்தால் மத்தளம் அடிக்கிற குரங்குப் பொம்மையைக் காட்டுகிறான். அவன் முகமூடி போட்டு ஆடுகிறான். இவன் அதைவிடப் பெரிய முகமூடி, கத்தி, துப்பாக்கி. இப்படியே போகிறது போட்டி. கடைசியில் குடிசைப் பையன் பட்டம் விடுகிறான். அதற்குப் பதில் சொல்ல இவனிடம் பொம்மை இல்லை. ஏர் கன்னை எடுத்துப் பட்டத்தைச் சுட்டுவிடுகிறான்.

எனக்குத் தெரிந்த கதை. அதனால் நான் லேப்டாப்பைப் பார்க்காமல் சித்தப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். நான் எதுவும் சொல்லித்தரவில்லை. குழல் வந்ததும் தலை லேசாகச் சாய்ந்தது. ட்ரம்பெட் வந்ததும் முகம் சுளித்தது. "யாரோ பணக்கார வீட்டுப் பய" என்றார். எப்படி சித்தப்பா? "ஊதுறதுக்கு மூச்சு வேணாமாட்டம் ஊதுறான்ல. கஷ்டப்படாம வந்த சத்தம்." குரங்குப் பொம்மைக்கு, "இது மனுசன் அடிக்கல" என்றார். ஏர் கன் சத்தம் கேட்டதும் கையை நாற்காலியின் பிடியில் அழுத்தினார். "யாரைச் சுட்டான்?"

"பட்டத்தை சித்தப்பா."

"அவ்வளவுதானா..." என்று மூச்சு விட்டார். ஆனால், முகம் தெளியவில்லை. உள்ளே பொம்மைகள் எல்லாம் ஒன்றாகக் கத்துகிற கட்டம் வந்தது. அந்த இரைச்சலுக்குள் எங்கேயோ வெளியிலிருந்து புல்லாங்குழல் திரும்ப வருகிறது. சித்தப்பா கையைத் தூக்கி என்னைச் சும்மா இருக்கச் சொன்னார். நான் சும்மாதான் இருந்தேன். ரோபோ பொம்மை நடந்துபோய் கட்டைகளால் அடுக்கிய கோபுரத்தைத் தள்ளிவிடுகிற சத்தத்தோடு படம் முடிந்தது.

நான் இந்தப் படத்தை நாலைந்து தடவை பார்த்திருப்பேன். பணக்காரன் ஏழை என்று எழுதிவைத்த நீதிக்கதையாகத்தான் நினைத்திருந்தேன். கொஞ்சம் பழைய சரக்கு என்றுகூட எங்கேயோ எழுதியிருக்கிறேன். அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அந்தப் படம் காதுக்காக எடுக்கப்பட்டிருக்கிறது. பெரிய வீட்டுப் பையனுக்கு ஜன்னல் வழியாகத் தெரிவது ஓர் எதிரி. கண் அப்படித்தான் சொல்கிறது. காதுக்கு வருவதோ குழல். அது யாரோடும் போட்டி போடவில்லை. கண் சொன்னதை நம்பினான் பையன். துப்பாக்கியால் ஜெயித்த பிறகும் அவனால் அந்தச் சத்தத்தைச் சுட முடியவில்லை. ரே இதற்கு ஒரு வசனம் வைத்திருந்தால் நார்த்தாமலையில் ஒரு கடைக்காரருக்கு இது போய்ச் சேர்ந்திருக்காது.

சித்தப்பா வேறொன்று சொன்னார். "எனக்கு வர்றது வெறும் படம் தம்பி. சத்தம் கிடையாது. அந்தப் புள்ளைங்க வாயைத் திறக்காது. உன் பொட்டியில வர்றது வெறும் சத்தம். ரெண்டையும் சேத்தா ஒரு சினிமா ஆயிடும்."

தைரியம் வந்து, 'தி இன்னர் ஐ'யைப் போட்டேன். இது ஃபிலிம்ஸ் டிவிஷனுக்காக எடுத்த 20 நிமிட ஆவணப்படம். வினோத் பிஹாரி முகர்ஜி என்கிற ஓவியரைப் பற்றியது. ஆங்கில வர்ணனை, ரேயின் சொந்தக் குரல். நான் மெதுவாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

வினோத் பிஹாரி 1904-ல் பிறந்தவர். பிறக்கும்போதே ஒரு கண்ணில் பார்வை இல்லை, மறு கண்ணில் கிட்டப்பார்வை. வழக்கமான பள்ளிப் படிப்பு முடியாமல் சாந்திநிகேதன் வந்து, நந்தலால் போஸிடம் ஓவியம் படித்து, அங்கேயே ஆசிரியர் ஆனார். அங்கே ஹிந்தி பவன் சுவரில் 1946-47-ல் இடைக்காலத் துறவிகளைப் பற்றி அவர் வரைந்த ஓவியம், நாட்டின் மிகப் பெரிய சுவர்ச் சித்திரங்களில் ஒன்று. ஒரு கண்ணின் மங்கலான பார்வையை வைத்துக்கொண்டு அத்தனை பெரிய சுவரை எப்படி மனதில் வைத்திருந்தார் என்பதே ஆச்சரியம். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்துவிட்டு ஓவியரான கே.ஜி.சுப்ரமணியன் இவருடைய சீடர். என்னைப் போன்ற காமர்ஸ் ஆட்களுக்கு இப்படி ஓர் ஆறுதல் தேவைப்படுகிறது. ரேயும் 1940-களின் தொடக்கத்தில் அங்கே படித்தபோது இவரிடம் மாணவர்.

1957 வாக்கில் நடந்த கண்புரை அறுவை சிகிச்சை தோற்றது. மிச்சமிருந்த பார்வையும் போயிற்று. அதற்குப் பிறகும் அவர் நிற்கவில்லை. காகிதத்தை வெட்டி ஒட்டினார், மடித்து உருவம் செய்தார், கோடு வரைந்தார். ரே படம் எடுத்தபோது 68 வயது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஓடுகளைத் தடவித் தடவி ஒரு பெரிய சுவர்ச் சித்திரத்துக்கு உருவம் கொடுத்துக்கொண்டு இருக்கிறார். படத்தின் முடிவில் நிகில் பானர்ஜியின் சிதார். பார்வையின்மை என்பது தனக்கு ஒரு புதிய அனுபவம் என்கிற பொருளில் ஓவியர் சொன்ன வார்த்தைகளோடு முடித்துவிடுகிறார் ரே. தேசிய விருது வாங்கிய படம்.

சித்தப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்.

"அவருக்கு யாராச்சும் வந்து நின்னாங்களா?"

"அதைப் பத்திப் படத்துல எதுவும் இல்ல சித்தப்பா."

"கேட்டிருக்கணும்ல. வாத்தியாரு ஆச்சே, கேக்கக் கூச்சம்போல."

வாசகரே, இந்தப் படத்தைப் பற்றி நான் படித்த எந்தக் கட்டுரையும் இதைச் சொல்லவில்லை. எனக்கும் தோன்றியதில்லை. அது மரியாதையான படம். மரியாதை சில கேள்விகளைக் கேட்கவிடாது. பார்வை போன அந்த முதல் நாட்கள் எப்படி இருந்தன? காலையில் விழித்தால் விடிந்ததா என்று யாரைக் கேட்டார்? கோபத்தில் எதையாவது உடைத்தாரா? வாழ்நாள் முழுக்கக் கண்ணால் பிழைத்த ஒருவரின் மூளை, கண் போன பிறகு இருட்டில் அவருக்கு எதைக் காட்டியது? 1957-க்கும் 1972-க்கும் நடுவே 15 வருஷம் இருக்கிறது. ரே அதை இரண்டு மூன்று வாக்கியங்களில் தாண்டிவிடுகிறார். நமக்குக் கிடைப்பது, போரில் ஜெயித்து வந்து உட்கார்ந்திருக்கிற ஒருவர். போர் கிடைப்பதில்லை.

இதற்கு ரே தரப்பில் ஒரு பதில் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். அவருக்கு மனதுக்குள் நுழையத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. 'நாயக்'கில் (1966) ரூபாய் நோட்டு மலைக்குள் கதாநாயகன் புதைகிற கனவு வைத்தவர். 'பிரதித்வந்தி'யில் (1970) சாவு வீட்டையே நெகடிவில் காட்டியவர். நினைத்திருந்தால் வினோத் பிஹாரிக்கும் ஓர் இருட்டு, ஓர் அலறல் வைத்திருக்கலாம். வைக்கவில்லை. நம் படங்களில் கண் தெரியாதவர் வந்தால் என்ன நடக்கும்? 'ராஜபார்வை' (1981) மாதிரி ஒன்றிரண்டு விலகி நின்றன. மற்றதெல்லாம் கைக்குட்டை. மனம் பிசகியவர் வந்தாலோ, முடியை விரித்துப்போட்டு, கண்ணை உருட்டி, நடிகருக்கு விருது வாங்கித் தருவதற்கென்றே ஒரு கட்டம். 'அந்நியன்', 'சந்திரமுகி' இரண்டும் 2005-ல் வந்தன. அந்த வருஷம் தமிழ்நாட்டில் பலருக்கும் மனநோய் என்றால் குரல் மாற்றிப் பேசுவது என்றே பதிந்துபோயிற்று. சித்தப்பா குரல் மாற்றிப் பேசவில்லை. அதனால்தான் அவரை முதலில் பைத்தியம் என்பதா, சாமி என்பதா என்று ஊருக்கே குழப்பம். இப்படிப்பட்ட இடத்தில், அழாத, கத்தாத, வேலை பார்த்துக்கொண்டு இருக்கிற ஒரு பார்வையற்றவரை 20 நிமிடம் காட்டுவதே பெரிய காரியம்தான். ஒப்புக்கொள்கிறேன்.

ஆனாலும், சித்தப்பாவின் கேள்வி நிற்கிறது.

'பிக்கூ'வை அவருக்குப் போட்டுக் காட்டவில்லை. கதை அப்படி. சித்தி பக்கத்தில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டு இருக்கும்போது, அப்பா ஆபீஸ் போன பிறகு அம்மாவைப் பார்க்க ஒருவர் வருகிறார் என்று நான் எப்படி மொழிபெயர்ப்பது? ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு ஹெட்போன் மாட்டிக்கொண்டு தனியாகப் பார்த்தேன்.

பிரெஞ்சுத் தொலைக்காட்சிக்காக, தன் சொந்தச் சிறுகதையை வைத்து ரே எடுத்த 26 நிமிடப் படம். சின்னப் பையன் பிக்கூ. பெரிய வீடு. மாடியில் இதய நோயாளித் தாத்தா. அம்மாவாக அபர்ணா சென். அம்மாவைத் தேடி வருகிற 'அங்கிள்' விக்டர் பானர்ஜி. வரும்போது பிக்கூவுக்கு வரைகிற நோட்டும் கலர் பேனாக்களும் வாங்கி வருகிறார். தோட்டத்தில் இருக்கிற எல்லாப் பூவையும் வரைந்துகொண்டு வா என்று பையனை வெளியே அனுப்புகிறாள் அம்மா. பையனும் சமர்த்தாகப் போய் வரைகிறான். ஒவ்வொரு நிறப் பூவுக்கும் அந்தந்த நிறப் பேனா. வெள்ளைப் பூ வருகிறது. வெள்ளைப் பேனா இல்லை. கீழிருந்து அம்மாவைக் கூப்பிட்டு, வெள்ளைப் பூவைக் கறுப்பில் வரையப்போகிறேன் என்று கத்துகிறான். மாடியில், மூடிய அறைக்குள் அது கேட்கிறது. பதில் வரவில்லை.

பி.காம். புத்தியில் கறுப்பு மை என்றால் லாபம், சிவப்பு மை என்றால் நஷ்டம். இந்தக் கறுப்பு மை எந்தக் கணக்கிலும் அடங்காது. அந்தக் குழந்தைக்கு என்ன தெரிந்தது, எவ்வளவு தெரிந்தது? ரே சொல்வதில்லை. முகத்தைக் காட்டுகிறார், பூவைக் காட்டுகிறார். காகிதத்தில் ஒரு சொட்டு மழை விழுந்து மை கலைகிறது. பிக்கூ உள்ளே வருகிறான். மூடிய கதவுக்குப் பின்னால் சண்டைச் சத்தம். தாத்தாவின் அறைக்குப் போகிறான். தாத்தா அசைவில்லாமல் கிடக்கிறார். யாரையும் கூப்பிடவில்லை அவன். வெளியே வந்து உட்கார்ந்து படத்தை விட்ட இடத்திலிருந்து வரைய ஆரம்பிக்கிறான். கண்ணில் தண்ணீர்.

மூன்றில் இதுதான் உச்சம் என்று சொல்வேன். 'தி இன்னர் ஐ'யில் வாத்தியாரிடம் கேட்கக் கூச்சப்பட்டதை, 8 வருஷம் கழித்து ஒரு குழந்தையிடம் ரே கேட்டுவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. தாங்க முடியாத ஒன்றைப் பார்த்துவிட்ட பிறகு ஒருவன் என்ன செய்வான்? கையில் இருக்கிற நிறத்தை வைத்து வரைவான். இந்தப் படத்திலும் ஒரு கடைசி நிமிடத் திருப்பம் வைத்திருக்கலாம். அம்மாவுக்கும் மகனுக்கும் ஒரு சந்திப்பு, ஒரு அலறல். எதுவும் இல்லை. அந்தப் பையனை அப்படியே உட்காரவைத்துவிட்டு ரே போய்விடுகிறார். நம்மால் போக முடிவதில்லை. போட்டிக்குப் படம் அனுப்பிய பையன்கள் இதைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அவர்கள் படத்தில் 'பக்கத்தில் யாரும் இல்லை' என்பது முடிவு. பிக்கூவுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை என்பது முதல் காட்சியிலேயே நமக்குத் தெரிந்துவிடுகிறது.

காலையில் சித்தப்பா, "மேலமலைக்குப் போயிட்டு வா. வெயில் ஏறுறதுக்குள்ள போ" என்றார். சின்ன வயசில் அங்கே ஆடு மேய்த்தவர். பாறையில் எந்த இடத்தில் வழுக்கும், எந்தப் பள்ளத்தில் தண்ணீர் நிற்கும் என்று கால் கணக்கில் சொல்லி அனுப்பினார். ஏறினேன். சொன்ன இடத்தில் வழுக்கியது.

மேலே விஜயாலய சோழீச்சரம். ஒன்பதாம் நூற்றாண்டுக் கற்றளி. மேற்கு பார்த்த கோயில். சோழன் பெயரில் இருந்தாலும், சாத்தன் பூதி என்கிற இளங்கோவதி அரையர் கட்டியது, மழையில் இடிந்து, மல்லன் விடுமன் என்பவர் புதுப்பித்தார் என்று அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. எதிரே இரண்டு குடைவரைகள். அதில் பெரியதில் ஒரே மாதிரி 12 திருமால் சிற்பங்கள் வரிசையாக நிற்கின்றன. ஒன்று, இரண்டு என்று பார்த்துக்கொண்டே போனால், ஏழு எட்டுக்கு மேல் ஒருவர் சிரிக்கிற மாதிரியும் ஒருவர் கோபமாக இருக்கிற மாதிரியும் தோன்ற ஆரம்பிக்கிறது. திரும்பிப் போய்ப் பார்த்தால் எல்லாம் ஒரே முகம்தான். எனக்கும் மூளை இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

காவலர் சாவி கொண்டுவந்து சோழீச்சரத்தைத் திறந்தார். வெளியிலிருந்து பார்த்தால் சதுரமான கோயில். உள்ளே போனால் கருவறை வட்டம். சதுரச் சுவருக்கும் வட்டச் சுவருக்கும் நடுவே சுற்றி வர ஓர் இருட்டுச் சந்து. சித்தப்பா சொல்லியிருந்தார், "உள்ள போயி சுவரைத் தடவிக்கிட்டே சுத்து. கண்ணை மூடிக்க." செய்தேன். ஒரு கைக்கு மூலை வந்துகொண்டே இருந்தது. இன்னொரு கைக்கு மூலையே வரவில்லை. 'தி இன்னர் ஐ'யில் ரே இந்தச் சதுரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு மரியாதையாகக் கீழே இறங்கிவிட்டார் என்று அந்த இருட்டில் நின்றுகொண்டு நினைத்தேன். கீழே வந்து அதைச் சித்தப்பாவிடம் சொன்னதற்கு, "பாவம், அவரை ஏன் திட்டுற. பூட்டியிருந்திருக்கும்" என்றார்.

மத்தியானம் பஸ். கிளம்புவதற்கு முன்னால் கடையில் உட்கார்ந்திருந்தேன். ஒருவர் வந்து 200 ரூபாய் கொடுத்து சூடம் வாங்கினார். சித்தப்பா நோட்டை விரலில் ஓட்டிவிட்டு மீதி கொடுத்தார். சரியாக இருந்தது. "இன்னைக்கு வந்திருக்காங்களா சித்தப்பா?" என்று மெதுவாகக் கேட்டேன். நேற்று வரை அதைக் கேட்க எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது.

"ரெண்டு பேருதான். ஒருத்தி வரல" என்றார். ஏதோ வேலையாட்களின் வருகைப் பதிவேட்டை வாசிப்பவர்போல. பிறகு, "பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்குல்ல? அந்தக் குழல் ஊதுற பயலோட படத்தை இன்னொரு தடவை போடேன்."

லேப்டாப்பை எடுத்தேன். சார்ஜ் குறைவாக இருக்கிறது, பாதியில் நின்றுவிடலாம் என்றேன்.

"வெளிச்சத்தைக் குறைச்சுடு. நீதான் பாத்துட்டியே" என்றார்.